ஒரு சுற்று மிச்சம்: வலென்சியாவில் மின்கார் பந்தயம் படித்த கணக்கு

2021 ஏப்ரல் 24, சனிக்கிழமை. ஸ்பெயினில் வலென்சியாவுக்கு அருகே செஸ்தே என்ற ஊரில் இருக்கும் ரிக்கார்டோ தோர்மோ பந்தயத் தளம் மழையில் நனைந்து கிடந்தது. ஃபார்முலா இ மின்கார் பந்தயம் கடைசிச் சுற்றுக்கு வந்துவிட்டது. முதலிடத்தில் தொடங்கி, முன்னணியிலேயே ஓடிவந்த போர்ச்சுகல் வீரர் அந்தோனியோ ஃபெலிக்ஸ் ட கோஸ்தாவின் கார் திடீரென்று தளர்ந்தது. யாரும் மோதவில்லை, சக்கரம் எதுவும் கழன்றுவிடவில்லை, மோட்டாரும் பழுதாகவில்லை. பின்னால் வந்த நெதர்லாந்து வீரர் நிக் டி வ்ரீஸ் அவரைக் கடந்து போனார். அதன்பின் நடந்ததுதான் விநோதம். மணிக்கு இருநூறு கிலோமீட்டருக்கு மேல் பாய்ந்துகொண்டிருந்த கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக, தேர் நிலைக்குத் திரும்பும் வேகத்தில் ஊர்ந்துவரத் தொடங்கின. சில கார்கள் வழியிலேயே ஓரங்கட்டின.

அன்று மாலை வீட்டில் உட்கார்ந்து அதைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒளிபரப்பில் ஏதோ கோளாறு என்றுதான் முதலில் நினைத்தேன். காருக்குக் கார் அதே நிலை என்றதும்தான் புரிந்தது: ஏறத்தாழ எல்லோருடைய மின்சாரமும் ஒரே நேரத்தில் தீர்ந்துபோயிருந்தது.

அந்த நாளைக் கேலிக்கூத்து என்று எழுதியவர்கள் உண்டு. மின்சாரக் காரை வைத்துப் பந்தயம் நடத்தினால் இப்படித்தான் ஆகும் என்று சொன்னவர்களும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மின்கார் பந்தயம் எதை நம்பி வளர்கிறது, எங்கே தடுக்கி விழுகிறது, இனி எந்தப் பக்கம் போகும் என்பதைப் புரிந்துகொள்ள அந்த ஒரு மணி நேரத்தைவிட நல்ல பாடம் வேறு கிடையாது என்பது என் கருத்து. எத்தனை குதிரைத்திறன், எத்தனை வினாடியில் நூறு கிலோமீட்டர் என்ற பெருமைகளையெல்லாம் ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், இந்த விளையாட்டின் உயிர் ஒரு வரவு செலவுக் கணக்கில் இருக்கிறது. வலென்சியாவில் அந்தக் கணக்குப் புத்தகம் எல்லோர் முன்னிலையிலும் திறந்துகொண்டது.

ஐம்பத்திரண்டு யூனிட்

முதலில் அளவைப் பார்த்துவிடுவோம். அன்று ஓடியவை இரண்டாம் தலைமுறை ஃபார்முலா இ கார்கள். ஒரு பந்தயத்துக்கு ஓட்டுநர் செலவழிக்க அனுமதிக்கப்பட்ட மின்னாற்றல் 52 கிலோவாட் மணி. நம் வீட்டு மின்கட்டண அட்டையில் 'யூனிட்' என்று எழுதுகிறார்களே, அதே அளவுதான். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு வீட்டுக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டில் ஏறக்குறைய பாதியை, 250 கிலோவாட் வரை இழுக்கக்கூடிய ஒரு கார் முக்கால் மணி நேரத்தில் செலவழித்து முடிக்க வேண்டும். கூடச் செலவழிக்கக் கூடாது. மிச்சம் பிடித்து வந்தாலும் பயனில்லை, ஏனென்றால் மிச்சப்பட்ட ஒவ்வொரு யூனிட்டும் காட்டத் தவறிய வேகம்.

பேட்டரிக்குள் இருப்பது அத்தனையும் ஓட்டுநருக்குச் சொந்தமில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். 52 என்பது விதி போட்ட வரம்பு. அதைத் தாண்டி ஒரு துளி செலவழித்தாலும் தகுதி நீக்கம். ஆகவே 'மின்சாரம் தீர்ந்தது' என்றால் பேட்டரி அடியோடு வற்றிவிட்டது என்று பொருளில்லை. கொடுத்த பங்கு முடிந்தது என்று பொருள்.

பந்தயத்தின்போது ஓட்டுநர் கண்முன்னே, ஸ்டீயரிங்கின் நடுவில் இருக்கும் சிறு திரையில், மிச்சமிருக்கும் ஆற்றல் சதவீதமாக இறங்கிக்கொண்டே வரும். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் அந்த எண் எதுவாக இருக்க வேண்டும் என்ற இலக்கு அவருக்குத் தெரியும். நேர்ச்சாலையின் முடிவில், பிரேக்கை மிதிக்க வேண்டிய இடத்துக்கு வெகுமுன்பே காலை எடுத்துவிடுவார். கார் தன் வேகத்திலேயே மிதந்து போகும். பிரேக் பிடிக்கும்போது மோட்டார் மின்னாக்கியாக மாறி, வேகத்தின் ஒரு பகுதியைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும். எங்கே காலை எடுப்பது, எவ்வளவு மீட்பது, எப்போது முந்துவதற்காகக் கையிருப்பை இறைப்பது என்று ஒரு சுற்றுக்குப் பத்துப் பதினைந்து இடங்களில் முடிவெடுக்க வேண்டும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்ற நம் பழமொழியை மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் கடைப்பிடிக்கும் தொழில் இது.

முன்பே வந்த எச்சரிக்கை

வலென்சியா வானத்திலிருந்து விழுந்த நிகழ்வு அல்ல. அதற்கு இரண்டு ஆண்டு முன்பே, 2019 பிப்ரவரி 16 அன்று, மெக்சிகோ நகரில் ஒரு முன்னோட்டம் நடந்துவிட்டது. அதில் இந்தியாவுக்கும் பங்கு இருக்கிறது. மகிந்திரா அணியின் பாஸ்கல் வெர்லைன் முதலிடத்தில் தொடங்கி, கடைசி மீட்டர்கள்வரை முன்னணியிலேயே இருந்தார். முடிவுக்கோடு கண்ணெதிரே. கையிருப்பு சுழியம். பின்னால் விடாமல் துரத்திவந்த லூகாஸ் டி கிராசி கோட்டுக்குச் சில மீட்டர் முன்பு அவரைத் தாண்டினார். அதே கடைசிச் சுற்றுகளில் நிசான் அணியின் இரண்டு கார்களும் மின்சாரம் தீர்ந்து நின்றன. அவற்றில் ஒன்றை ஓட்டியவர் ஆலிவர் ரோலண்ட். வெர்லைன், ரோலண்ட் என்ற இந்த இரண்டு பெயர்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வருவார்கள்.

ஆனால் மெக்சிகோவில் யாரும் விதியைக் குறை சொல்லவில்லை. அது அணிகளின் கணக்கில் வந்த பிழை. அந்த முடிவைப் பார்த்தவர்கள் பரவசப்பட்டார்கள். வலென்சியாவைப் பார்த்தவர்கள் எரிச்சலடைந்தார்கள். இரண்டிலும் நடந்தது மின்சாரம் தீர்ந்ததுதான். அப்படியிருக்க ஏன் இந்த வேறுபாடு? இந்த ஆய்வின் மையக் கேள்வி எனக்கு இதுதான்.

கழித்தல் விதி

விபத்து நடந்தால் தடத்துக்குள் பாதுகாப்புக் கார் வரும். எல்லோரும் அதன் பின்னால் மெதுவாக ஓட வேண்டும். பெட்ரோல் பந்தயத்தில் இது ஒரு இடைவேளை, அவ்வளவே. மின்கார் பந்தயத்திலோ கணக்கையே குலைத்துவிடும். மெதுவாக ஓடும்போது செலவு குறைகிறது. கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. பத்து நிமிடம் அப்படிப் போனால் எல்லோர் கையிலும் தாராளமாக மின்சாரம் மிஞ்சும். அதன்பின் யாரும் எதையும் சேமிக்கத் தேவையில்லை. விளையாட்டின் சாரமே போய்விடும்.

அதைத் தடுக்க 2019-20 பருவத்தில் ஒரு விதி கொண்டுவந்தார்கள். பாதுகாப்புக் காருக்குப் பின்னால் கழியும் ஒவ்வொரு முழு நிமிடத்துக்கும் ஒரு யூனிட் எல்லோருடைய கணக்கிலிருந்தும் கழிக்கப்படும். காகிதத்தில் பார்த்தால் நியாயமான விதி. உழைக்காத நேரத்துக்குக் கூலி பிடிப்பதுபோல, ஓடாத தூரத்துக்கு மின்சாரம் பிடித்தம்.

ஆனால் நிமிடத்துக்கு ஒரு யூனிட் என்பது எல்லா நாளுக்கும் எல்லாத் தளத்துக்கும் பொருந்தும் விகிதமா? பொருந்தாது என்பதை வலென்சியா காட்டியது. அன்று மழை. ஈரத்தில் கார்கள் மெதுவாக ஓடும், ஒரு நிமிடத்துக்கான செலவே வேறு. தளமும் வேறு. ஃபார்முலா இ வழக்கமாக நகரத் தெருக்களில், குறுகிய நேர்ச்சாலைகளும் நெருங்கிய வளைவுகளுமாக அமைத்த தடங்களில் நடப்பது. கொரோனா காலத்தில் நகரத் தெருக்கள் கிடைப்பது அரிதானதால், மோட்டார் சைக்கிள் பந்தயத்துக்குப் பேர்போன இந்த நிலையான தளத்துக்கு வந்திருந்தார்கள். அகலமான தடம், நீண்ட வளைவுகள், சுற்றுக்கு மூன்றே கால் கிலோமீட்டருக்கு மேல்.

அந்தப் பந்தயத்தில் பாதுகாப்புக் கார் திரும்பத் திரும்ப வந்தது. ஒவ்வொரு முறையும் கழித்தார்கள். எல்லாம் முடிந்தபோது மொத்தம் 19 யூனிட் போயிருந்தது. 52-இல் 19 போனால் 33. மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் பிடித்தம் செய்துவிட்டார்கள்.

பதினைந்து வினாடி

இத்தோடு நின்றிருந்தால்கூடத் தப்பியிருப்பார்கள். உண்மையான அடி கடிகாரத்திலிருந்து வந்தது.

அன்றைய விதிப்படி பந்தயம் 45 நிமிடம், அதற்குமேல் ஒரு சுற்று. கடிகாரம் சுழியத்தைத் தொட்டபின் முன்னணிக் கார் கோட்டைக் கடந்தால், அதிலிருந்து இன்னும் ஒரு சுற்று ஓட வேண்டும். கடைசிப் பாதுகாப்புக் கார் விலகி, ட கோஸ்தா முன்னணியில் கோட்டைக் கடந்தபோது கடிகாரத்தில் ஏறக்குறைய 15 வினாடி மிச்சமிருந்தது. நேரம் இன்னும் முடியவில்லை. ஆகவே அந்தச் சுற்றையும் முழுதாக ஓட வேண்டும், அதற்குப்பின் கடைசிச் சுற்று ஒன்றையும் ஓட வேண்டும். 15 வினாடி தாமதித்துக் கடந்திருந்தால் ஒரே ஒரு சுற்றில் பந்தயம் முடிந்திருக்கும். பெரும்பாலான அணிகள் கையில் வைத்திருந்தது அந்த ஒரு சுற்றுக்கான மின்சாரம் மட்டுமே.

அதாவது அன்று ட கோஸ்தா செய்திருக்க வேண்டிய மிகச் சரியான காரியம், முன்னணியில் இருந்துகொண்டே வேகத்தைக் குறைத்துக் கோட்டைத் தாமதமாகக் கடப்பது. உலக மோட்டார் பந்தயங்களை நிர்வகிக்கும் எஃப்.ஐ.ஏ. அமைப்பின் விளக்கமும் இதையே சொன்னது: விதி எல்லோருக்கும் தெரியும், கழித்த அளவும் தெரியும், முன்னணிக் கார் மெதுவாக வந்திருந்தால் இந்த நிலை வந்திருக்காது. சட்டப்படி அது சரி. ஆனால் பாதுகாப்புக் கார் அப்போதுதான் விலகியிருக்கிறது, மழை, பின்னால் ஒரு மந்தை துரத்துகிறது. அந்த நொடியில் மெதுவாகப் போ என்று ஒரு பந்தய வீரரிடம் எதிர்பார்க்கும் விதியை நல்ல விதி என்று என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. முன்னால் இருப்பவர் ஓட ஓட நட்டம் என்று ஆகிவிட்டால், பந்தயம் என்ற சொல்லுக்கே பொருள் குறைகிறது.

இருந்தும் கணக்கைச் சரியாகப் போட்டவர்கள் அங்கே இருந்தார்கள். மெர்சிடஸ் அணி கூடுதல் சுற்று வரக்கூடும் என்பதை வைத்தே மின்சாரத்தைப் பிடித்துவைத்திருந்தது. டி வ்ரீஸ் வென்றார். அவருடைய அணித்தோழர் ஸ்டோஃபெல் வாண்டோர்ன் மூன்றாவது. இந்த வாண்டோர்ன் கதை தனி: தகுதிச் சுற்றில் முதலிடம் பிடித்தவர், டயர் விவரத்தில் நேர்ந்த ஒரு பதிவுப் பிழையால் அதை இழந்து வரிசையின் கடைசிக்குத் தள்ளப்பட்டவர். கடைசியில் நின்றவர் மேடை ஏறினார். பின்வரிசையிலிருந்து வந்த நிக்கோ முல்லர் இரண்டாவது இடத்தைப் பிடித்தார். அனுமதித்த அளவைத் தாண்டிச் செலவழித்துக் கோட்டைக் கடந்த சிலர் தகுதி நீக்கம் செய்யப்பட்டார்கள். முழுப் பந்தயத்தையும் நடத்திக்காட்டிய ட கோஸ்தாவுக்கு மேடையில் இடமில்லை.

வெறும் குளறுபடி என்று அந்த நாளைத் தள்ளிவிட முடியாதபடி இன்னொரு உண்மையும் இருக்கிறது. ஃபார்முலா இ-க்கு உலகச் சாம்பியன்ஷிப் என்ற தகுதி கிடைத்த முதல் பருவம் அது. ஆகஸ்டில் பெர்லினில் பருவம் முடிந்தபோது டி வ்ரீஸ் 99 புள்ளிகளோடு சாம்பியன். இரண்டாவது வந்த எதுவார்தோ மோர்த்தாராவுக்கு 92. வலென்சியா வெற்றிக்குக் கிடைத்தவை 25 புள்ளி. மின்கார் பந்தயத்தின் முதல் உலகச் சாம்பியனைத் தீர்மானித்ததில் அந்த 15 வினாடிக்குப் பெரும்பங்கு உண்டு.

மறுநாள் ஞாயிறு. அதே தளம், அதே கார்கள். ஜேக் டென்னிஸ் முதலிடத்தில் தொடங்கி, வேகத்தைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு, கடைசிவரை யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் வென்றார். கூட்டம் கூட்டமாகக் கார்கள் நிற்கவில்லை. முதல்நாள் கூத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிப் பேசுவதே இல்லை என்பது எனக்கு வருத்தம்.

பழுது பார்த்தது எப்படி

மெக்சிகோவையும் வலென்சியாவையும் பிரிப்பது எது என்ற கேள்விக்கு வருகிறேன். மெக்சிகோவில் இலக்கு அசையவில்லை. அணி தப்புக் கணக்குப் போட்டது, தண்டனை பெற்றது. பார்ப்பவருக்கு நீதி புரிந்தது. வலென்சியாவில் இலக்கே நகர்ந்துகொண்டிருந்தது. கையிருப்பும் குறைந்துகொண்டே வந்தது, ஓட வேண்டிய சுற்றுகள் எத்தனை என்பதும் கடைசி நொடிவரை உறுதியில்லை. இரண்டு பக்கமும் ஆடும் தராசில் நிறுக்கச் சொன்னால் எந்த வியாபாரியும் தடுமாறுவான். பார்வையாளருக்கோ எதுவுமே புரியவில்லை.

நிர்வாகம் இதை உணர்ந்துகொண்டதுதான் இந்தக் கதையின் நல்ல பகுதி. 2022 பருவத்தில் கழித்தல் விதியை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதில் கூட்டல் வந்தது: பாதுகாப்புக் காருக்குப் பின்னால் கழிந்த ஒவ்வொரு முழு நிமிடத்துக்கும் 45 வினாடி பந்தய நேரம் சேர்க்கப்படும், அதிகபட்சம் பத்து நிமிடம் வரை. மின்சாரத்தில் கை வைக்கவில்லை. ஓட வேண்டிய தூரத்தை நீட்டினார்கள். 2023-இல் அடுத்த படி: நேரக் கணக்கையே கைவிட்டு, இத்தனை சுற்று என்று அறுதியிட்டார்கள். தடங்கல் வந்தால் சுற்றுகள் கூடும். இப்போது பார்க்கும் எவருக்கும் மிச்சம் எத்தனை சுற்று என்பது தெரியும். ஒரு பொறியாளர் குழு இரவெல்லாம் உட்கார்ந்து செய்யும் மேம்பாட்டைவிட, ரசிகர்களை அதிகம் சேர்க்கும் மாற்றம் இது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அதே பருவத்தில், 2023 பிப்ரவரி 11 அன்று, ஹைதராபாத் உசேன் சாகர் ஏரிக்கரையில் இந்தியாவின் முதல் ஃபார்முலா இ பந்தயம் நடந்தது. அதன் கடைசிச் சுற்றுகளைப் பார்த்தவர்களுக்குப் புதிய விதியின் அருமை தெரிந்திருக்கும். முன்னால் ஷான்-எரிக் வெர்ன், கையிருப்பு குறைவு. பின்னால் நிக் காசிடி, கையிருப்பு அதிகம். வெர்ன் ஒவ்வொரு வளைவிலும் உள்பக்கத்தை அடைத்துக்கொண்டு, ஒவ்வொரு சதவீதத்தையும் பிழிந்து, அரை வினாடிக்கும் குறைவான இடைவெளியில் வென்றார். மெக்சிகோவில் வெர்லைனுக்குக் கைகூடாதது வெர்னுக்குக் கைகூடியது. ஏரிக்கரையில் நின்றிருந்த கூட்டத்துக்குச் சுற்று எண்ணிக்கை தெரிந்திருந்தது, சதவீதம் தெரிந்திருந்தது. ஆகவே பரபரப்பும் புரிந்தது. மறு ஆண்டு நடக்க இருந்த பந்தயம், மாநிலத்தில் ஆட்சி மாறிய பிறகு ரத்தானது பெரிய இழப்பு.

விதியைத் திருத்தினால் மனிதத் தவறு போய்விடுமா? 2024 ஏப்ரலில் இத்தாலியின் மிசானோவில், நிசான் அணியின் ரோலண்ட் முன்னணியில் இருந்தார். கடைசிச் சுற்றுக்குள் நுழையும்போது மின்சாரம் தீர்ந்தது. அணியின் கணக்கில் நேர்ந்த பிழை. அவரைக் கடந்து போய் வென்றவர் யார் தெரியுமா? அப்போது போர்ஷே அணியில் இருந்த பாஸ்கல் வெர்லைன். மெக்சிகோவில் கோட்டுக்கு முன்னால் எல்லாவற்றையும் பறிகொடுத்த அதே வெர்லைன். அந்த ஆண்டின் சாம்பியன் அவர்தான். அடுத்த ஆண்டு, 2025-இல், சாம்பியன் ரோலண்ட். மின்சாரம் தீர்ந்து வெற்றியைப் பறிகொடுத்த இரண்டு பேரும் உலகச் சாம்பியன்களானார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. மிசானோவில் ரோலண்டை யாரும் கேலி செய்யவில்லை. பார்த்தவர்களுக்கு வலித்தது. அணி செய்த தவறு அணியின் தவறாகவே தெரிந்தது.

வளர்ச்சி என்று எதைச் சொல்கிறோம்

2011-இல் எஃப்.ஐ.ஏ. தலைவர் ஷான் டோட்டும் ஸ்பெயின் தொழிலதிபர் அலெஹாந்திரோ அகாக்கும் பாரிஸ் உணவகம் ஒன்றில் பேசி உருவாக்கிய யோசனை இது. 2014 செப்டம்பர் 13 அன்று பெய்ஜிங்கில் முதல் பந்தயம். அன்று வென்றவரும் டி கிராசிதான். கடைசி வளைவில் முன்னணிக் கார்கள் இரண்டும் மோதிக்கொண்டதால் வெற்றி அவர் மடியில் விழுந்தது. அந்தப் பந்தயத்தில் மகிந்திரா காரை ஓட்டி ஐந்தாவதாக வந்தவர் சென்னைக்காரரான கருண் சந்தோக்.

அப்போது ஒரு பந்தயத்துக்கு ஓட்டுநருக்கு இரண்டு கார் தேவைப்பட்டது. பாதி வழியில் பேட்டரி தீரும். தடத்தின் ஓரத்தில் அணிகள் காரைக் கவனிக்கும் 'குழி' (பிட்) என்ற இடத்துக்குள் வந்து, பெல்ட்டைக் கழற்றி, பக்கத்தில் நிற்கும் இன்னொரு காருக்குள் தாவி ஏறி, திரும்பவும் பெல்ட்டை மாட்டிக்கொண்டு கிளம்புவார்கள். நான்கு பருவங்கள் இப்படி நடந்தன. 2018-19-இல் இரண்டாம் தலைமுறைக் கார் வந்ததும் ஒரே காரில் முழுப் பந்தயமும் ஓடியது. நான்கே ஆண்டில் கொள்ளளவு ஏறத்தாழ இரட்டிப்பு. இதைத்தான் நேர்மையான வளர்ச்சி என்பேன். கண்ணால் பார்க்கக்கூடிய வளர்ச்சி.

மூன்றாம் தலைமுறையில் இன்னொரு திருப்பம். பேட்டரியைப் பெரிதாக்குவதற்குப் பதிலாக மீட்பைப் பெரிதாக்கினார்கள். முன் அச்சிலும் ஒரு மோட்டார் வைத்து, பிரேக் பிடிக்கும்போது 600 கிலோவாட் வரை திரும்பப் பெறும்படி செய்தார்கள். பந்தயத்துக்கான கையிருப்பை 38.5 யூனிட்டுக்குக் குறைத்துவிட்டார்கள். இழுக்கும் திறனோ 350 கிலோவாட்டாகக் கூடியது. குறைவாகக் கொடுத்து அதிகமாக ஓடச் சொன்னார்கள், ஓடியது. சாலையில் நாம் ஓட்டும் காருக்கு இதைவிடப் பயனுள்ள பாடம் இருக்க முடியாது: பெரிய பேட்டரியைச் சுமப்பதைவிட வீணாவதைப் பிடிப்பது மேல்.

ஆனால் வளர்ச்சி ஒரே நேர்கோட்டில் ஏறவில்லை. வலென்சியாவுக்கு முன்பே ஆடியும் பி.எம்.டபிள்யூ.வும் விலகுவதாக அறிவித்துவிட்டன. சாம்பியன் பட்டம் வென்ற மெர்சிடஸ்கூட 2022-உடன் கிளம்பியது. மின்சார மோட்டார் சைக்கிள்களின் மோட்டோ இ தொடர் 2019-இல் தொடங்கும் முன்பே ஹெரெஸ் தளத்தில் நடந்த தீவிபத்தில் எல்லா வண்டிகளையும் இழந்தது. மீண்டு வந்து சில ஆண்டு நடந்து, 2025-உடன் நிறுத்திவைக்கப்பட்டது. தொலைதூர நிலப்பரப்புகளில் நடந்த எக்ஸ்ட்ரீம் இ, ஹைட்ரஜன் பக்கம் திரும்பிவிட்டது. மின்சாரம் என்ற ஒரு சொல்லை மட்டும் நம்பித் தொடங்கிய தொடர்கள் நிலைக்கவில்லை. மின்சாரத்தால் மட்டுமே சாத்தியமாகும் ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்த தொடர் நிலைத்திருக்கிறது. மகிந்திரா, ஜாகுவார், போர்ஷே, நிசான் அதிலேயே தொடர்கின்றன.

இந்தக் கணக்கைக் கற்கும் அடுத்த தலைமுறை நமக்குப் பக்கத்திலும் இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யின் ரஃப்தார் மாணவர் குழு 2022 நவம்பரில் தன் முதல் மின்சாரப் பந்தயக் காரை வெளியிட்டது. கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் ஃபார்முலா பாரத் மாணவர் போட்டியில் மின்கார்களுக்கென்றே தனிப் பிரிவு உண்டு. இவ்வகைப் போட்டிகளில் யார் வேகமாக ஓடினார்கள் என்பதோடு, யார் எவ்வளவு ஆற்றலைச் செலவழித்தார்கள் என்பதற்கும் தனியே மதிப்பெண் போடுகிறார்கள்.

இனி

2025 பிப்ரவரியில் ஜெத்தாவில் ஒரு புதிய ஏற்பாடு அறிமுகமானது. பந்தயத்தின் நடுவே ஒவ்வொரு காரும் குழிக்கு வந்து 30 வினாடி மின்னேற்றம் செய்துகொள்ள வேண்டும். 600 கிலோவாட் திறனில் 3.85 யூனிட், அதாவது கையிருப்பில் பத்து சதவீதம் கூடும். அரை நிமிடத்தில் பத்து சதவீதம் என்பது பெட்ரோல் நிலைய வரிசையில் நிற்கும் நேரத்தைவிடக் குறைவு. தொழில்நுட்பமாக இது பெரிய தாவல்தான். விளையாட்டாகப் பார்த்தால் எனக்கு ஒரு தயக்கம் இருக்கிறது. கணக்கில் இன்னொரு வரவுப் பத்தி சேர்ந்திருக்கிறது. யார் ஏற்றிவிட்டார், யார் இன்னும் ஏற்றவில்லை என்பதைத் திரையில் பளிச்சென்று காட்டாவிட்டால் வலென்சியாவின் குழப்பம் வேறு உருவில் வரும். அந்த முதல் நாளில் நல்லவேளையாக அப்படி ஆகவில்லை. மாக்ஸ் குந்தர் கடைசி வளைவில் முந்தி வென்றதை எல்லோரும் ரசித்தார்கள். முந்தப்பட்டவர் ரோலண்ட்.

அடுத்து, 2026-27 பருவத்துக்கு நான்காம் தலைமுறைக் கார். உச்சத் திறன் 600 கிலோவாட், மீட்பு 700 கிலோவாட், நான்கு சக்கரங்களுக்கும் எப்போதும் இழுவிசை, 55 யூனிட் கையிருப்பு. விளம்பரங்கள் வேகத்தைப் பேசுகின்றன. நான் பார்ப்பது வேறொன்றை. 2021-இல் 250 கிலோவாட் காருக்கு 52 யூனிட் கொடுத்தார்கள். இப்போது 600 கிலோவாட் காருக்கு 55. குழாய் இரண்டு மடங்குக்கும் மேல் பெருத்துவிட்டது, தொட்டி அப்படியே இருக்கிறது. காலை அழுத்தி வைத்தால் சில நிமிடங்களில் காலியாகும். ஆகவே அளந்து செலவழிக்கும் கலை முன்னைவிடக் கடினமாகும், ஒரு சிறு பிழைக்கும் தண்டனை முன்னைவிடப் பெரிதாகும். ஃபார்முலா 1 கூட 2026 விதிகளில் ஏறக்குறைய பாதித் திறனை மின்சாரத்துக்குக் கொடுத்திருக்கிறது. நேர்ச்சாலை முடியும் முன்பே காலை எடுப்பது பற்றிய விவாதம் அங்கேயும் வந்துவிட்டது. ஃபார்முலா இ ஓட்டுநர்களுக்கு அது பழைய பாடம்.

இன்னொரு விளைவும் உண்டு. இவ்வளவு வேகமான கார்களைக் குறுகிய நகரத் தெருக்களுக்குள் விடுவது எளிதல்ல. மூன்றாம் தலைமுறையிலேயே போர்ட்லாந்து, மிசானோ, ஷாங்காய் என்று நிலையான தளங்களின் எண்ணிக்கை கூடிவிட்டது. அகலமான தளத்தில் முன்னால் ஓடுபவர் காற்றைக் கிழித்துக்கொண்டு தன் மின்சாரத்தைச் செலவழிக்க, பின்னால் ஒதுங்கி வருபவர்கள் சேமிக்கிறார்கள். ஆகவே யாருமே முன்னால் போக விரும்பாமல் சைக்கிள் பந்தயம்போல மந்தையாக ஓடும் காட்சிகள் போர்ட்லாந்தில் 2023-இலேயே வந்தன. முன்னால் இருப்பவருக்கு ஓட ஓட நட்டம் என்ற அந்தப் பழைய வலென்சியா முடிச்சு, இங்கே விதியால் விழாமல் காற்றால் விழுகிறது. நான்காம் தலைமுறைக் கார் இதை அவிழ்க்குமா என்பது அதன் முதல் சில பந்தயங்களில் தெரிந்துவிடும்.

வலென்சியாவை ஃபார்முலா இ மறக்கவில்லை. பருவத்துக்கு முந்தைய சோதனை ஓட்டங்களுக்குப் பெரும்பாலான ஆண்டுகளில் அணிகள் அங்கேதான் போகின்றன. 2024 அக்டோபர் இறுதியில் அந்தப் பகுதியைப் பெருவெள்ளம் சூறையாடியதால் அந்த ஆண்டு மாட்ரிட் அருகே ஹராமாவுக்கு மாற்றினார்கள். அடுத்த ஆண்டு திரும்பவும் செஸ்தேவுக்கே வந்தார்கள். ட கோஸ்தா 15 வினாடி முன்னதாகக் கடந்த அதே கோட்டின்மீது, புதிய கார்கள் காலை முதல் மாலைவரை சுற்றிச் சுற்றி ஓடுகின்றன. ஒவ்வொரு முறை கடக்கும்போதும் குழிச்சுவருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் பொறியாளரின் திரையில் ஓர் எண் புதிதாக விழுகிறது. அவர் அதைக் குறித்துக்கொள்கிறார்.